நோ-கோ ஐயாவின் புத்தரும் என் சாம்பாரும்

ஹைதராபாத்துக்கு வந்த இத்தனை வருஷத்தில் நான் எத்தனையோ பேரைச் சமாளித்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு ஓடியவன், சோற்றில் கல் என்று தானே கல்லைப் போட்டுக் காட்டியவன், ஹெல்த் இன்ஸ்பெக்டர், ஹெல்த் இன்ஸ்பெக்டரின் மைத்துனர், அத்தனை பேரும் என்னிடம் தோற்றுத்தான் போனார்கள். என்னை நிற்க வைத்துக் குலை நடுங்க வைத்தவர் ஒரே ஒருத்தர். அவர் ரவுடி இல்லை, இன்கம்டாக்ஸ்காரர் இல்லை. புத்தர் சொன்னபடி நடந்த ஒரு மனுஷர், அவ்வளவுதான். ஒரு நல்லவரைப் போல அபாயமான ஆள் இந்த உலகத்தில் கிடையாது என்று எனக்குக் காட்டிக் கொடுத்தவர் அவர்.

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. மேலூர்ப் பக்கம் பிறந்தவன். படிப்பு அஞ்சாவது, அதிலும் கணக்கு வாத்தியார் அடித்ததால் பாதியில் நின்றது. இன்றைக்கு ஹைதராபாத்தில் எனக்கு மூன்று ஹோட்டல். மாதாப்பூர்க் கிளையில் மத்தியானம் கம்ப்யூட்டர்ப் பிள்ளைகள் கழுத்தில் பட்டையை மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்கிறார்கள், என் வத்தக்குழம்புக்காக. யாருடைய சிபாரிசும் இல்லாமல் வந்தேன். எல்லாம் இந்தக் கை, இந்த நாக்கு.

இந்தச் சங்கதி நடந்தது எழுபதுகளில். ஊருக்கு வடக்கே ஒரு பெரிய சர்க்கார் பாக்டரி. பெயர் வேண்டாம். அங்கே கேண்டீன் காண்டிராக்ட் என்னுடையது. அந்த பாக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் இருந்தவர்தான் நம்ம ஆள். மெஷினில் செய்து வருகிற சாமானில் ஓட்டை சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அதற்கு ஒரு கருவி உண்டு. இரண்டு முனை உள்ள இரும்புக் குழவி மாதிரி இருக்கும். ஒரு முனை ‘கோ’, அது ஓட்டைக்குள் போக வேண்டும். இன்னொரு முனை ‘நோ-கோ’, அது போகக் கூடாது. போனால் சாமான் தள்ளுபடி. அந்தக் கருவி எந்நேரமும் அவர் சட்டைப் பையில் இருக்கும். யார் என்ன சொன்னாலும் அதைத் தடவிக்கொண்டே கேட்பார். அதனால் நோ-கோ ஐயா. உள்ளூர் துருக்கப் பசங்களுக்கு ‘நக்கோ’ என்றால் வேண்டாம் என்று அர்த்தம். எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறவர் என்று நினைத்து அவர்களும் ‘நக்கோ சாப்’ என்று கூப்பிட்டார்கள். இரண்டுமே அவருக்குப் பொருந்தியது.

அவருக்கு ஊர் கோலார் தங்கவயல். சுரங்கத்துத் தமிழர். மனைவி காலமாகிவிட்டாள், பிள்ளை கிடையாது. குவார்ட்டர்ஸில் ஒண்டியாக இருந்தார். முதல் நாள் கேண்டீனுக்கு வந்தபோது, நெற்றியில் ஒன்றும் காணோமே, கிறிஸ்தவரோ என்று பேச்சுக் கொடுத்தேன்.

“ஐயா எந்தக் கோயிலுக்குப் போவீங்க?”

“நாங்க புத்தர் மார்க்கம், அண்ணா. எங்க தாத்தா காலத்துலேர்ந்து.”

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. “புத்தரா? அவரு சீனாக்காரரு இல்லீங்களா?”

“நம்ம நாட்டுக்காரர்தான். தமிழ்நாட்டுல ஒரு காலத்துல ஊருக்கு ஊர் இருந்தாரு. நாமதான் மறந்துட்டோம்.”

இப்போது இந்த ஊர் ஏரி நடுவில் அத்தனை உயரத்துக்குப் புத்தர் நிற்கிறார், ஜனங்கள் மக்காச்சோளம் கடித்துக்கொண்டே பார்க்கிறார்கள். அப்போது எங்களுக்குத் தெரிந்தவர் காலண்டர் புத்தர் ஒருவர்தான், அதுவும் வருஷம் முடிந்தால் கிழிந்துவிடுவார். தமிழ் பேசுகிற புத்தர் ஆளை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். வீட்டுக்குப் போய் மரகதத்திடம் சொன்னேன். என் சம்சாரம். அவள் கேட்ட முதல் கேள்வி: “அவங்க என்னா சாப்புடுவாங்க?”

சரியான கேள்வி. அதில்தான் அடுத்த அதிர்ச்சி.

ஞாயிற்றுக்கிழமை மட்டன். புத்தர் ஆள், கறி தொடமாட்டார் என்று கத்தரிக்காய் எண்ணெய் வதக்கல் எடுத்து வைத்திருந்தேன். அவரோ நேராக வந்து கறிப் பக்கம் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த சைவக்காரர்கள் எல்லாம் திகைத்துப் போனார்கள்.

“ஐயா, புத்தர் கறி திங்கலாம்னாரா?”

“எனக்குன்னு கொன்னதா இருக்கக் கூடாது. கொன்னதைப் பார்த்திருக்கக் கூடாது, கேட்டிருக்கக் கூடாது, அப்படியோன்னு சந்தேகமும் வரக் கூடாது. மத்தபடி இலையில விழுந்ததைச் சாப்பிடலாம்.”

என் தொழிலில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. இன்றைக்கும் உண்டு. எவர் வந்து உட்கார்ந்தாலும், ‘உங்களுக்குன்னே பண்ணது, சாப்பிடுங்க’ என்பேன். நூறு பேர் உட்கார்ந்தாலும் நூறு பேரிடமும் சொல்வேன். கேட்கிறவனுக்கு ஒரு கரண்டி கூடுதலாக இறங்கும். அந்த வாயோடு, நோ-கோ ஐயா முதல் கவளத்தை எடுக்கிற நேரத்தில் போய் நின்று சொன்னேன்:

“ஐயாவுக்குன்னே காலையில வெட்டுனதுங்க. நல்லாச் சாப்பிடுங்க.”

கவளம் இலைக்குத் திரும்பிப் போனது. எழுந்தார். கை கழுவினார். போயேவிட்டார். என் வாழ்க்கையில் என் மட்டனை விட்டு எழுந்து போனவர் அவர் ஒருத்தர்தான். நான் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றேன்.

சமையல்கட்டில் கைகொடுக்க வந்திருந்த மரகதம் உள்ளேயிருந்து, “உங்க வாயைக் கொஞ்சம் மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?” என்றாள். முப்பது பேர் இருக்கிற இடத்தில்.

இது ஒன்றா, இரண்டா? கேண்டீன் வாசலில் நான் ‘சுத்தமான நெய்யில் செய்த கேசரி’ என்று எழுதிப் போட்டிருந்தேன். டால்டாவும் ஒரு வகை நெய்தானே. வரிசையில் நின்ற நோ-கோ ஐயாவிடம் பின்னால் நின்றவன் சும்மா கேட்டான்: “நெய்யாங்க?” அவர் ஒரு வாய் போட்டார். கண்ணை மூடினார். “இல்லை” என்றார். ஒரே வார்த்தை. வரிசை கலைந்து பஜ்ஜிப் பக்கம் போய்விட்டது.

ஓடிப் போய் அவரைத் தனியாகப் பிடித்தேன். “ஏங்க, என் பொழப்பக் கெடுக்கிறீங்க?”

“கேட்டாரு, சொன்னேன். கேக்காம நானா சொல்லமாட்டேன் அண்ணா. பேசுறதுக்கு மூணு சோதனை இருக்கு. உண்மையா, பிரயோஜனமா, இதுக்கு நேரமா? மூணும் தேறினாத்தான் பேசணும்.”

“புத்தர் சொன்னாரா?”

“சொன்னாரு. ஆனா அவர் சொன்னார்ங்கிறதுக்காக நம்பாதீங்க. பெரியவங்க சொன்னாங்க, ஊரே சொல்லுது, ஏட்டுல இருக்குன்னு எதையும் நம்பாதே, நீயே பார்த்துக்கோன்னுதான் அவர் சொல்லிட்டுப் போயிருக்காரு.”

எனக்குத் தலை சுற்றியது. தன்னை நம்பாதே என்று சொல்கிற சாமியை நான் கேள்விப்பட்டதே இல்லை. நம் பக்கத்துச் சாமியெல்லாம் நம்பாவிட்டால் கண்ணைக் குத்தும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வயிறு முட்டத் தின்னாதே, கொஞ்சம் இடம் இருக்கும்போதே தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்திரு என்றும் புத்தர் சொல்லியிருக்கிறாராம். அதை அவர் பக்கத்து இலைக்காரர்களிடம் சொல்வார். அளவில்லாச் சாப்பாடு போடுகிற காண்டிராக்டர் நான். அந்த ஒரு போதனைக்காகவே புத்தருக்கு நான் கோயில் கட்டியிருப்பேன்.

இன்னொரு கூத்து. போர்மன் ஒருத்தர், நம்ம தமிழர்தான், வாயைத் திறந்தால் சாக்கடை. ஒரு நாள் தன் சாமானைத் தள்ளுபடி செய்துவிட்டார் என்று கேண்டீனுக்கே வந்து நோ-கோ ஐயாவைத் திட்டினார். அந்த மாதிரித் திட்டை நான் மேலூர்ச் சந்தையில்கூடக் கேட்டதில்லை. இவர் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தார். போர்மனுக்கு மூச்சு வாங்கியது.

இவர் நிமிர்ந்து, “முடிஞ்சுதா சார்? வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு நீங்க பலகாரம் வைக்கிறீங்க. அவர் தொடலை. பலகாரம் யாருக்கு?” என்றார்.

“எனக்குத்தான். அதுக்கென்னய்யா இப்ப?”

“நீங்க இவ்வளவு நேரம் வச்சதை நான் தொடலை.”

திட்டியவரே ஆடிப் போய் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்கப்புறம் என் கேண்டீன் பசங்கள்கூட நான் வைதால், “முதலாளி, நாங்க தொடல” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அந்த அளவுக்கு ஊரைக் கெடுத்து வைத்திருந்தார்.

இப்போது என் குலையை நடுங்க வைத்த பல்லிக்கு வருகிறேன்.

அந்தக் காலத்து பாக்டரிகளில் கேண்டீன் கமிட்டி என்று உண்டு. பந்தி ஆரம்பிக்கும் முன் கமிட்டி ஆள் ஒருத்தர் சமையல்கட்டுக்கு வந்து ருசி பார்த்து ‘சரி’ சொல்ல வேண்டும். முறை வைத்து எல்லோரும் வர வேண்டும். என் சமையல்கட்டுச் சூட்டுக்குப் பயந்து ஒருத்தரும் வரமாட்டார்கள். நோ-கோ ஐயாதான் தினமும் வருவார்.

அன்றைக்கும் வந்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நாலு அண்டா கொதிக்கிறது, புகையில் ஆளுக்கு ஆள் முகம் தெரியவில்லை. சாம்பார் அண்டாவுக்கு மேலே, சுவரில், நல்ல கொழுத்த பல்லி ஒன்று. என் சமையற்காரன் பாண்டி துடைப்பத்தை ஓங்கிவிட்டான்.

“பாண்டி, போடுங்க கீழ!” நோ-கோ ஐயா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. “அதுக்கும் உயிர் இருக்கு. நான் கொண்டுபோய் விட்டுடறேன்.”

முக்காலியில் ஏறினார். பாக்டரித் தொப்பியைக் கழற்றினார். பூனை மாதிரி நெருங்கிப் பல்லி மேல் கவிழ்த்தார். தொப்பியின் வாயை விரலால் இறுக்கி மூடிக்கொண்டு இறங்கி, புகைக்குள் புகுந்து வேலிப் பக்கம் போனார். திரும்பி வரும்போது முகமெல்லாம் சந்தோஷம்.

“போயிடுச்சு, அண்ணா. அவ்வளவு வேகம். தொப்பியைத் திறந்தேன், கண்ணுலயே படலை.”

கரண்டியில் சாம்பார் எடுத்துக் கொடுத்தேன். ருசித்தார். “கோ” என்றார்.

பந்தி ஆரம்பமாயிற்று. அன்றைக்குப் பார்த்து பர்சனல் ஆபீசரும் தொழிலாளிகளோடு சாப்பிட வந்திருந்தார். தஞ்சாவூர்க்காரர், சுத்த சைவம், வெங்காயம்கூட யோசித்துத்தான் சாப்பிடுவார். “பேஷ், பேஷ்! இன்னிக்கு என்ன விசேஷமா ஒரு மணம் இருக்கு?” என்று என் சாம்பாரை மூன்றாந்தரமும் கேட்டு வாங்கினார். எனக்குத் தலை கால் புரியவில்லை. அந்த வாரம்தான் காண்டிராக்டை நீட்டிப்பதா வேண்டாமா என்று அவர் முடிவு பண்ண வேண்டியிருந்தது.

அப்போதுதான் லேத் செக்‌ஷன் யாதகிரி தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

“பல்லி ரோய்! சாம்பார்ல பல்லி!”

தெலுங்கிலும் பல்லிக்குப் பல்லிதான். ஒருத்தருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அது வரைக்கும் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். முதல் பந்தியில் தின்றுவிட்டு மெஷினில் நின்றவனுக்கு ஆள் போய்ச் சொன்னார்கள், அவனும் வாந்தி. அன்றைக்கு லீவில் இருந்தவன் ஒருத்தன் சைக்கிளில் வந்து கேட்டுவிட்டு வாந்தி எடுத்தான். என் காண்டிராக்டே வாந்தியோடு போகிறது என்று தெரிந்தது. ஆனாலும் நான் யார்? பாய்ந்து போய் யாதகிரி தட்டைப் பார்த்தேன், சத்தமாகச் சொன்னேன்:

“கத்தரிக்கா காம்புய்யா இது! காம்பு! பல்லியாம்ல பல்லி!”

காம்பு பிரிந்து நின்றால் கை கால் மாதிரித்தான் இருக்கும், சமையல்கட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும். பர்சனல் ஆபீசர், கை அலம்புகிற இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர், உயிர் வந்தவர் போலத் திரும்பினார். “காம்பா? காம்புதானே ஓய்? நான் அப்பவே நினைச்சேன்!”

ஆனால் யாதகிரி விடவில்லை. முதலுதவி அறையிலிருந்து ஸ்பிரிட் வாங்கி, ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி, அதைப் போட்டு மூடி வைத்துவிட்டான். விசாரணை நாளை மத்தியானம் என்று நோட்டீஸ் போட்டார்கள். ராத்திரி ஷிப்டுக்கே என் கேண்டீனில் ஈ ஆடவில்லை. கேட்டுக்கு வெளியே ராவ் என்று ஒருத்தன் இட்லிக் கடை வைத்திருந்தான், அவன் கடையில் திருவிழாக் கூட்டம். அவன்தான் ஆளை விட்டுப் பல்லியைப் போட்டிருப்பான் என்று கேண்டீன் பூராவும் பேச்சு. காண்டிராக்ட் போனால் எனக்குத் திரும்பிப் போக இடம் கிடையாது. ஊரில் இருந்த நிலத்தை விற்றுத்தான் அந்த அண்டாக்களை வாங்கியிருந்தேன்.

நோ-கோ ஐயா ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் பொய் சொல்லமாட்டார் என்பது வாட்ச்மேன் நாய்க்குக்கூடத் தெரியும். சாயங்காலம் அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அந்தத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகம் செத்துக் கிடந்தது.

“ஐயா, நாளைக்கு உங்களைத்தான் கேப்பாங்க. ரெண்டே வார்த்தை. கத்தரிக்கா காம்பு. முடிஞ்சுது.”

“காம்பா அண்ணா அது?”

“எதுவா இருந்தா உங்களுக்கென்ன? ஆபீசரே காம்புங்கிறாரு. அதுவும் வேணாமா, அந்த ராவ் ஆளைச் சமையல்கட்டுப் பக்கம் பார்த்தேன்னு சொல்லிடுங்க.”

“பார்க்கலையே.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் நான் புத்திசாலி. அவர் ஆயுதத்தையே எடுத்தேன். “சரி, நீங்க பேசவே வேணாம். உண்மையா இருந்தாலும் நேரம் பார்த்துத்தான் பேசணும்னு உங்க புத்தரு சொன்னாருல்ல? இது அதுக்கு நேரமில்ல. பேசாம இருங்க.”

தொப்பி மடிப்பை விரலால் தடவினார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

“நேரம் பாக்கச் சொன்னாரு. நேரத்தைக் கடத்தச் சொல்லலை. நாளைக்கு அந்த பாட்டிலைப் பார்த்துட்டுச் சொல்றேன், அண்ணா. பார்க்காம நான் ஒண்ணும் சொல்லக் கூடாது.”

வீட்டுக்கு வந்து மரகதத்திடம், “பாத்திரத்தையெல்லாம் கட்டு” என்றேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் விசாரணை. மேஜை மேல் ஊறுகாய் பாட்டில். ஒரு பக்கம் பர்சனல் ஆபீசர், இன்னொரு பக்கம் யூனியன் செகரட்டரி யூசுஃப் பாய், பழைய நகரத்து ஆள், மலை மாதிரி உடம்பு. ஜன்னல் பூராவும் தலைகள். ஆபீசர் முதல் காரியமாகக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். அப்புறம் பாட்டிலைத் தூரத்திலிருந்து பார்த்தார்.

“காம்புன்னு பார்த்தாலே தெரியறதே. கேஸை முடிச்சுடலாமா?”

யாதகிரி குதித்தான். “நாலு காலு இருக்கு சார்! காம்புக்கு நாலு காலு உண்டா?”

“இருக்கும்யா! ஹைபிரிட் கத்தரிக்காய்! என்ன பேசிண்டிருக்கே நீ? கண்ணும் மூக்கும்கூட இருக்கும்!”

“கண்ணும் இருக்கு சார்.”

“நான் பார்க்கலை!”

அந்த மனுஷர் மூன்று கரண்டி வாங்கியவர். அவர் பாட்டை நினைத்துப் பாருங்கள். என் காண்டிராக்டுக்கு அவரைவிடப் பெரிய கூட்டாளி அன்றைக்குக் கிடையாது. இன்னும் ஒரு நிமிஷம் போனால் காம்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். அப்போதுதான் நோ-கோ ஐயா எழுந்தார்.

“சார், நான் ஒரு தடவை பார்க்கலாமா?”

“நீர் எதுக்கய்யா பார்க்கணும்? உட்காரும்!”

“கமிட்டி மெம்பர் சார். ருசி பார்த்தது நான்.”

பாட்டிலைத் திறந்தார். இடுக்கியால் அதை எடுத்துக் காகிதத்தில் வைத்தார். நான் கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டேன், புத்தரையும் சேர்த்து. அவர் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். அதைத் திறந்து, சின்னதாக, வதங்கிய ஒன்றை எடுத்தார்.

வால்.

அப்போதுதான் எல்லோரும் கவனித்தோம், பாட்டிலில் இருந்ததற்கு வால் இல்லை. அவர் அளவு பார்க்கிற வெர்னியரை எடுத்தார். பல்லியின் பின்பக்கத்தை அளந்தார். வாலின் முன்பக்கத்தை அளந்தார். பாக்டரியில் ஓட்டைக்கும் தண்டுக்கும் சேர்த்துப் பார்ப்பாரே, அதே நிதானம். இரண்டையும் முனையோடு முனை வைத்தார்.

“சேருது, சார். பல்லிதான். இது என் பல்லி.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்காலி அங்கே இல்லை.

தரையிலிருந்துதான் மிச்சத்தைக் கேட்டேன். “அடிக்க வேணாம்னு நான்தான் தொப்பியில பிடிச்சேன். புகையில அண்டாவைத் தாண்டிப் போனேன். வேலிக்கிட்ட திறந்தா இல்லை. ஓடிப் போச்சுன்னு நம்பிட்டேன். வாலை விட்டுட்டு வழியிலயே நழுவி அண்டாவுல விழுந்திருக்கு. நேத்து சாயங்காலம்தான் தொப்பி மடிப்புல வாலைப் பார்த்தேன். சமையல்கட்டு மேல தப்பில்லை. ராவ் மேல தப்பில்லை. எதையும் பார்க்காம நம்பாதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்ற நான், பார்க்காம நம்பினேன். ஒரு உயிர் போச்சு.”

அவர் கண்ணில் தண்ணீர். எங்கள் வாந்திக்காக இல்லை, காண்டிராக்டுக்காக இல்லை. அந்தப் பல்லிக்காக. இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன அதிர்ச்சி வேண்டும்?

பர்சனல் ஆபீசர் முகம் முதலில் வெளுத்தது, பிறகு பச்சையாயிற்று. “மூணு கரண்டி...” என்றார். அவ்வளவுதான், எழுந்து ஓடினார். பஞ்சாங்கத்தில் பல்லி தலையில் விழுந்தால் இன்ன பலன், தோளில் விழுந்தால் இன்ன பலன் என்று போட்டிருக்கிறான். சாம்பாரில் விழுந்தால் என்ன பலன் என்று எவனும் போடவில்லை. காஞ்சிபுரம் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டுத் தோஷம் கழித்துவிட்டு வர அன்றைக்கே லீவு எழுதினார் என்று பிறகு தெரிந்தது.

என் கதை முடிந்தது என்று தரையில் கிடந்தேன். அப்போது யூசுஃப் பாயின் தொப்பை குலுங்க ஆரம்பித்தது.

“அரே நக்கோ சாப்! ஆப் உஸ்கோ பச்சாயே கீ பகாயே?”

நீங்கள் அதைக் காப்பாற்றினீர்களா, சமைத்தீர்களா என்று கேட்டார். ஜன்னலில் ஒருத்தன் சிரித்தான். அப்புறம் ஒருத்தன். அப்புறம் கூடமே வெடித்தது. வாந்தி எடுத்தவன், எடுக்காதவன், சைக்கிளில் வந்து எடுத்தவன், எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். யாதகிரி கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைத் தூக்கி நிறுத்தினான்.

யூசுஃப் பாய் மேஜையைத் தட்டினார். “காண்டிராக்டர் மேல கஸூர் நை, தப்பில்ல. கல்தி நக்கோ சாப்போடது. ஹவ் நா?” ஜன்னல் பூராவும் “ஹவ்! ஹவ்!”, ஆமாம், ஆமாம் என்று.

நான் யோசித்து யோசித்துப் பார்த்திருக்கிறேன். காம்பு என்று ஆபீசர் எழுதியிருந்தால் காகிதத்தில் நான் ஜெயித்திருப்பேன். ஆனால் ஒருத்தன் வந்து சாப்பிட்டிருக்கமாட்டான். எது விழுந்தது, எப்படி விழுந்தது, யார் கையிலிருந்து விழுந்தது என்று வாலோடு தெரிந்த பிறகு, பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. மறுநாள் மத்தியானம் வரிசை பழையபடி வாசல் தாண்டி நின்றது. “பாண்டி, இன்னைக்குப் பல்லி உண்டா?” என்று கேட்டுக் கேட்டுச் சாம்பாரை வாங்கினார்கள். காண்டிராக்ட் நீண்டது. அந்த நாலு அண்டாவிலிருந்துதான் இந்த மூன்று ஹோட்டலும் வந்தது.

காஞ்சிபுரத்திலிருந்து திரும்பியதும் ஆபீசர் போட்ட முதல் உத்தரவு: இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனைச் சேர்ந்த இன்னார் இனிமேல் கேண்டீன் வாசற்படி மிதிக்கக் கூடாது. கமிட்டியிலும் இல்லை, பந்தியிலும் இல்லை. நோ-கோ ஐயா உத்தரவைப் படித்தார், “நியாயம்தான்” என்றார், போனார்.

நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். உண்மையைச் சொன்னால், கேசரிக்கு மறுபடி ‘நெய்’ என்று எழுதிப் போட்டேன். வரிசையில் ஒருத்தனும் கேள்வி கேட்கவில்லை. ருசி பார்க்க வந்த புதுக் கமிட்டி ஆள் வாசலிலேயே நின்று “சரி, சரி” என்று கையைக் காட்டிவிட்டுப் போனான். சமையல்கட்டில் பாண்டி எதையோ துடைப்பத்தால் அடித்துக்கொண்டிருந்தான். எனக்கு என்னவோ போல இருந்தது.

ஒரு நாள் மரகதம் கோயிலுக்குப் போய்விட்டு வந்து பையை வைத்ததும் வைக்காததுமாகச் சொன்னாள்:

“அந்த நோ-கோ ஐயாவப் பார்த்தேன். டீக்கடை பெஞ்சுல உக்காந்து பன்னத் தண்ணியில நனைச்சுத் தின்னுக்கிட்டு இருக்காரு. மத்தியானச் சாப்பாடே அதுதானாம். ஆள் பாதியாப் போயிட்டாரு. கேட்டா, நல்லா இருக்கு தங்கச்சிங்கிறாரு.”

“பன்னா?” என்றேன்.

“பன்னுதான்.”

என் சாம்பாரைப் பற்றி ஊருக்கு உண்மையைச் சொன்ன மனுஷர் எவனோ சுட்ட பன்னைத் தின்கிறார். இத்தனை அதிர்ச்சியையும் தாங்கிய எனக்கு இதைத் தாங்க முடியவில்லை. தூக்குச்சட்டியை எடுத்தேன். அடியில் சோறு, மேலே குழம்பு, பொரியல், தனிக் கிண்ணத்தில் தயிர். உத்தரவில் வாசற்படி மிதிக்கக் கூடாது என்றுதான் இருந்தது. வாசற்படி அவர் வீட்டுக்குப் போகக் கூடாது என்று எவனும் எழுதவில்லை.

வெயிலில் நடந்து போய் அவர் கதவைத் தட்டினேன். திறந்தவர் என்னையும் பார்த்தார், சட்டியையும் பார்த்தார்.

“நீங்களா தூக்கிட்டு வரணும், அண்ணா? ஆளை அனுப்பியிருக்கலாமே.”

“ஆள் கிடைக்கலீங்க.”

கேண்டீனில் அப்போது ஆள் மேல் ஆள் இடித்துக்கொண்டு நின்றார்கள். அவருக்கும் அது தெரியும். ஒன்றும் சொல்லாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அவர் ரிட்டயர் ஆகித் தங்கவயலுக்கு ரயில் ஏறுகிற நாள் வரைக்கும் அது நிற்கவில்லை. லட்சக்கணக்கான பேருக்குச் சோறு போட்டவன் நான், பெருமைக்குச் சொல்லவில்லை. ஆனால் வெயிலென்றும் மழையென்றும் பார்க்காமல், என் கையால் சுமந்துகொண்டு போய், அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் வாசலில் உட்கார்ந்திருந்தது அந்த ஒருத்தருக்குத்தான்.